சாவி யாரிடம் இருந்தது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். நான் பல ஆண்டுகள் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, இலவசச் சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்களுக்குத் துணையாக உட்கார்ந்து மொழிபெயர்த்து உதவுகிறேன்.

அப்படி ஒருநாள் ஓர் அம்மா வந்தார். நகைக்கடைப் பை ஒன்றை மடியில் வைத்திருந்தார். உள்ளே, மூன்றாக மடித்த குற்றச்சாட்டுத் தாள். மூன்று நாளாக அதை யாரிடமும் காட்டவில்லை. "என் மகன் கையில ஒண்ணும் இல்லைங்க. ஸ்டோர் ரூம்லதான் இருந்துச்சாம். அப்புறம் எப்படி 'வச்சிருந்தான்'னு எழுதுறாங்க?" என்று கேட்டார்.

என் வேலைக்காலம் முழுவதும் என்னை வருத்திய சொல் அதுதான். 'போதைப்பொருளை வைத்திருந்தாய்' என்று நான் மொழிபெயர்ப்பேன். நம் காதுக்கு அது கையில், சட்டைப்பையில் என்றுதான் கேட்கும். சட்டத்தில் அந்தச் சொல் மிகவும் அகலமானது. பொருள் இருந்த பெட்டியின் சாவியோ அறையின் சாவியோ வீட்டுச் சாவியோ உங்களிடம் இருந்தால், அந்தப் பொருளையும் நீங்களே வைத்திருந்தீர்கள் என்று சட்டம் அனுமானிக்கிறது. காரில் கிடைத்தால், கார் உரிமையாளரும் அப்போது காரைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் அந்த அனுமானத்துக்குள் வருவார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.

வைத்திருந்த குற்றம் முதல்முறை என்றால், பொதுவாக 10 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது இரண்டும். 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சில போதைப்பொருள்கள் குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் தண்டனை இன்னும் கடுமை. அதைவிடப் பெரிய கோடு ஒன்று இருக்கிறது. கஞ்சா 15 கிராமுக்கு மேல், 'ஐஸ்' எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் 25 கிராமுக்கு மேல், கலப்படம் கழித்த சுத்தமான ஹெராயின் 2 கிராமுக்கு மேல் என இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், கடத்துவதற்காகவே வைத்திருந்ததாக அனுமானம். கஞ்சா 500 கிராமையோ சுத்த ஹெராயின் 15 கிராமையோ தாண்டிக் கடத்தியதாக வழக்கு வந்தால், அது உயிர் சம்பந்தப்பட்ட, மரண தண்டனைக்குரிய வழக்கு. அதனால்தான் ஆய்வுக்கூட அறிக்கையில் உள்ள எடையை வழக்கறிஞர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

அனுமானம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. 2011இல் சாங்கி விமான நிலையத்தில் ஒருவருடைய பெட்டியின் உட்புறத் துணிக்குள் 'ஐஸ்' பொட்டலங்கள் கிடைத்தன. உயர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. பொட்டலங்கள் பெட்டிக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது என்று விசாரணையில் அரசுத் தரப்பே ஏற்றிருந்தது. அப்படியானால் 'வைத்திருந்தார்' என்று அனுமானிக்க இடமில்லை என்றது நீதிமன்றம். இதை வைத்து, "தெரியாது" என்று சொன்னால் போதும் என யாரும் எண்ண வேண்டாம். ஏன் தெரியாது, எப்படித் தெரியாது என்பதற்கு நம்பத்தக்க விவரம் வேண்டும்.

அந்த விவரம் முதலில் பதிவாகும் இடம் வாக்குமூலம். பெரும்பாலும் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே அது எழுதப்பட்டுவிடும். இப்போது சொல்லாமல் விட்டுப் பிறகு விசாரணையில் சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்ற எச்சரிக்கையும் வாசிக்கப்படும். ஆங்கிலம் புரியவில்லையா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்போது தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், அதன்பிறகு கையெழுத்திடுங்கள். வெட்கப்பட்டு "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையாட்டிய எத்தனையோ தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் மனம் ஆறவில்லை.

வழக்கறிஞரைத் தேடும்போது, "எனக்கு ஆள் தெரியும், கேஸை முடிச்சுக் கொடுக்கிறேன்" என்று காப்பிக்கடையில் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நேர்மையான வழக்கறிஞர் முடிவுக்கு உத்தரவாதம் தரமாட்டார். போதைப்பொருள் வழக்குகளை நடத்தியிருக்கிறாரா, நீதிமன்றத்துக்கு அவரே வருவாரா, கட்டணத்தை எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். குற்றச்சாட்டைக் குறைக்கும்படி அரசுத் தரப்புக்கு அவர் கடிதம் எழுதலாம். அதற்கு உங்களிடமிருந்து முழு உண்மையும் தேவை.

பணமில்லை என்று யாரும் தனியே நிற்க வேண்டாம். சட்ட உதவிப் பிரிவு சிவில் வழக்குகளுக்கானது, அங்கே அலைய வேண்டியதில்லை. குற்றவியல் வழக்குகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்களின் அலுவலகம், இருக்கிறது. வருமான வரம்புக்குள் வரும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள் இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். மரண தண்டனைக்குரிய வழக்கு உயர் நீதிமன்றம் போனால், எந்த நாட்டவராக இருந்தாலும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

அன்று அந்த அம்மாவின் தாளை வழக்கறிஞர் பிரித்துப் படித்தார். முதல் கேள்வி மகனைப் பற்றியதல்ல. "அந்த ஸ்டோர் ரூமுக்கு எத்தனை சாவிம்மா?" நான் தமிழில் சொன்னதும் அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். மகனிடம் ஒன்று, தன்னிடம் ஒன்று, அறை வாடகைக்கு இருந்தவரிடம் ஒன்று. மூன்றாவது விரலில் நிறுத்தி, "அவர் போகும்போது திருப்பிக் கொடுக்கலையே" என்றார். வழக்கறிஞர் பேனாவை எடுத்தார்.