முதல் வெப் பக்கத்தை எந்த எடிட்டரில் எழுதுவது?

[திரையில்: காலியான எடிட்டர், கர்சர் மட்டும் மினுக்குகிறது]

வணக்கம். வெப் பக்கம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் முதல் வாரத்தை எடிட்டர், அதாவது கோட் எழுதும் மென்பொருள், தேடுவதிலேயே கழித்துவிடுகிறார்கள். எது வேகம், எது அழகு, எதில் கறுப்புப் பின்னணி கண்ணுக்கு இதம் என்று பார்த்துப் பார்த்து, ஒரு வரி கூட எழுதாமல் ஓய்ந்துபோகிறார்கள். அந்தத் தேடலை இன்றைக்கே முடித்துவிடுவோம். எடிட்டரில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: நீங்கள் செய்யும் பிழையை அது எவ்வளவு சீக்கிரம் உங்கள் கண்ணில் காட்டுகிறது?

பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், செயல்பாட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட். மூன்றுமே வெறும் எழுத்துகள்தான். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்ற அலங்காரம் எதுவும் அந்த ஃபைலுக்குள் கிடையாது. அதனால் எழுத்தை எழுத்தாகவே சேமிக்கிற எந்த மென்பொருளிலும் வெப் பக்கம் எழுதலாம். வேர்ட் போன்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்கள் மட்டும் வேண்டாம். வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலம். 'வெறும் எழுத்தாகச் சேமி' என்று சொன்னாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

[திரையில்: ஒரே வரி இரண்டு முறை, மேலே நேரான மேற்கோள் குறி, கீழே வளைந்த மேற்கோள் குறி]

நீங்கள் நேரான மேற்கோள் குறி அடித்தால், அழகாக இருக்கட்டும் என்று அது தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரவுசருக்கு வளைந்த குறி சாதாரண எழுத்து, மேற்கோளே இல்லை. படம் வராது, லிங்க் வேலை செய்யாது, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது.

சரி, விண்டோஸோடு வருகிற நோட்பேட்? 1985-இல் வந்த முதல் விண்டோஸிலிருந்து கூடவே இருக்கிறது. அதில் எழுதலாம், பக்கமும் வரும். ஆனால் சேமிக்கும்போது ஃபைல் பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவைப்பதால், ஃபைல் சரியாக இருப்பது போலவே தெரியும். திறந்தால் பக்கத்துக்குப் பதில் கோட் வரும். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய், எக்ஸ்டென்ஷன் எனப்படும் அந்தக் கடைசிப் பகுதி தெரியும்படி மாற்றிவைத்துவிடுங்கள். எந்த எடிட்டர் எடுத்தாலும் இது உதவும். மேக்கில் இருக்கும் டெக்ஸ்ட்எடிட், புது ஃபைலை அலங்கார எழுத்து முறையில்தான் தொடங்கும்; 'ஃபார்மேட்' மெனுவில் அதை வெறும் எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் நோட்பேடை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. அதில் எல்லாமே ஒரே நிறம்.

[திரையில்: ஒரே கோட், இடப்பக்கம் நிறமில்லாமல், வலப்பக்கம் நிறங்களோடு]

கோட் எடிட்டர் என்றால், பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிக்கும் டேக் ஒரு நிறம், அதன் பண்பு ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது இன்னொரு நிறம். இப்போது ஒரு லிங்க்கில் முடிவு மேற்கோளை எடுத்துவிடுகிறேன், பாருங்கள். அந்த இடத்திலிருந்து கீழே பல வரிகள் நிறம் மாறிவிட்டன. மேற்கோள் எங்கே மூடுகிறது என்று எடிட்டர் தேடிக்கொண்டே போகிறது. நிறம் எந்த இடத்தில் தடம் புரண்டதோ, பிழை அங்கேயோ அதற்குச் சற்று மேலேயோதான் இருக்கும். தொடக்கத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி எந்த மென்பொருளும் தர முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பிழை நடந்த நொடியிலேயே திரை மாறுகிறது. அடுத்த முறை உங்கள் கண்ணே முந்திக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அடைப்புக்குறிகளுக்கும் இப்படியே. கர்சரை ஓர் அடைப்பின் பக்கத்தில் வைத்தால் அதன் ஜோடி எங்கே என்று காட்டும். சிஎஸ்எஸ்ஸில் இல்லாத பண்பின் பெயரை அடித்தால் சில எடிட்டர்களில் அடியில் நெளிகோடு வரும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்எல் டேக்கை மூட மறந்தால் பல எடிட்டர்கள் எதுவும் சொல்லாது. பிரவுசரும் சொல்லாது, அது தானாக ஊகித்துச் சரிசெய்துகொண்டு ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். அந்த ஊகம் நீங்கள் நினைத்தது போல இருக்க வேண்டியதில்லை. பக்கத்தின் ஒரு பகுதிக்குள் இன்னொரு பகுதி போய் உட்கார்ந்துகொள்ளும், பக்கம் குலையும். அப்போது வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வேலிடேட்டர் என்ற இலவசப் பிழை பார்க்கும் கருவியில் உங்கள் கோடை ஒட்டிப் பாருங்கள். எந்த வரியில் எந்த டேக் மூடவில்லை என்று சொல்லும்.

[திரையில்: விஎஸ் கோட் திறக்கிறது]

இப்போது பெயர்களுக்கு வருவோம். ஓரளவு புதிய கணினி உங்களிடம் இருந்தால் விஎஸ் கோட் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிமுகப்படுத்தியது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இவ்வளவு பேர் இதைப் பயன்படுத்துவதே உங்களுக்கு ஒரு நன்மை: எந்தச் சிக்கல் வந்தாலும், முன்பே யாரோ கேட்டு, யாரோ பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கணினியில் நினைவகம் குறைவாக இருந்தால் யோசியுங்கள். விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதாவது உள்ளே குரோமியம் பிரவுசர் ஒன்றையே சுமந்துகொண்டு ஓடுகிறது. பக்கத்தில் உண்மையான பிரவுசரும் திறந்திருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினி இரண்டையும் சேர்த்து இழுக்கத் திணறலாம். அப்படியானால் விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ், லினக்ஸில் கேட் எடிட்டர். இரண்டும் இலவசம், எடை குறைவு, நிறமும் காட்டும். இவற்றை எடுப்பதால் நீங்கள் எதிலும் பின்தங்கப் போவதில்லை. சப்லைம் டெக்ஸ்ட்டும் மிக வேகமானது. காசு கொடுத்து வாங்க வேண்டியது என்றாலும் முயன்று பார்க்கக் காலவரம்பு வைக்கவில்லை.

பழைய பாடங்களில் ஆட்டம், பிராக்கெட்ஸ் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். இரண்டும் நல்ல எடிட்டர்கள்தான். பிராக்கெட்ஸுக்கான ஆதரவை அடோபி 2021-இல் நிறுத்தியது. ஆட்டமை கிட்ஹப் 2022 டிசம்பரில் மூடியது. புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றை இறக்க வேண்டாம். விம் என்ற எடிட்டர் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அருமையான கருவி, ஆனால் அதைக் கற்பதே தனிப் பாடம். இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், தமிழில் பக்கம் எழுதப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

[திரையில்: எடிட்டரின் கீழ்ப் பட்டை, வலது மூலை பெரிதாகிறது]

இங்கே யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா? எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை இது. ஃபைல் இந்த முறையில்தான் சேமிக்கப்பட வேண்டும். இந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள், ஆக 15 பைட். இதைப் பழைய லத்தீன் முறை என்று பிரவுசர் தவறாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டும். தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும், பார்த்திருப்பீர்கள். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து எழுத்துருவை மாற்றாதீர்கள். எடிட்டரில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தின் தலைப்பகுதியில் அதை அறிவிக்கும் மெட்டா டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டேக் ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதனால் ஹெட் டேக் திறந்ததும் முதல் வேலையாக எழுதிவிடுங்கள்.

எடிட்டரை நிறுவியதும், எக்ஸ்டென்ஷன் என்றே அழைக்கப்படும் கூடுதல் கருவிகளை அள்ளிப் போடாதீர்கள். மாற்றம் உடனே தெரிய லைவ் பிரிவியூ ஒன்று போதும். விஎஸ் கோடில் ஆச்சரியக்குறி அடித்து டேப் அழுத்தினால் பக்கத்தின் முழு எலும்புக்கூடும் வந்து நிற்கும். அந்த வசதிக்கு எம்மெட் என்று பெயர். முதல் சில பக்கங்களுக்காவது அதைத் தொடாமல் கையாலேயே எழுதுங்கள். கோடை எழுதித் தரும் ஏஐ உதவியையும் அமைப்புகளில் போய் அணைத்துவையுங்கள். அது எழுதுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் அணைக்கச் சொல்கிறேன். பிழையே வராவிட்டால், பிழையைப் படிக்க உங்களுக்கு எப்போது பழகும்?

[திரையில்: தாவலின் ஓரத்தில் ஒரு புள்ளி]

'மாற்றினேன், பக்கம் மாறவில்லை' என்று தவிக்கும்போது முதலில் தாவலைப் பாருங்கள். மூடும் குறிக்குப் பதில் புள்ளி இருந்தால், ஃபைல் இன்னும் சேமிக்கப்படவில்லை.

கடைசியாக, தனி ஃபைலைத் திறக்காமல் எப்போதும் ஃபோல்டரையே திறங்கள். பக்கம், படம், ஸ்டைல் ஃபைல் எல்லாம் இடப்பக்கம் வரிசையாகத் தெரியும், பெயர்களும் உள்ளது உள்ளபடி தெரியும். ஒரு படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தால், விண்டோஸ் கண்டுகொள்ளாமல் படத்தைக் காட்டிவிடும். லினக்ஸில் ஓடும் சர்வருக்கு அவை வேறு வேறு பெயர்கள். அங்கே ஏற்றியதும் படம் காணாமல் போகும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். முதல் பக்கத்துக்கு இன்டெக்ஸ் என்று பெயரிடுங்கள். ஃபோல்டருக்குள் சர்வர்கள் வழக்கமாக முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.