ஊட்டிக்கு ஒரு கணக்கு, குன்னூருக்கு ஒரு கணக்கா? போர்டில் ஸ்க்ரூ ஓட்டை வைக்கும் முன் இதைப் பாருங்கள்!

[திரையில்: ஒரு அடாப்டரின் பின்பக்கம், மிக நெருக்கத்தில்]

வணக்கம் நண்பர்களே! இந்த அடாப்டரின் பின்பக்கத்தில், பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னப் படம் தெரிகிறதா? ஒரு மலை, பக்கத்தில் 2000 மீ. என்று எழுத்து. சீனாவின் பழைய பாதுகாப்புத் தரத்தின்படி செய்த அடாப்டர்கள் பலவற்றில் இந்தக் குறி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம்.

குன்னூர் சுமார் 1850 மீட்டர், பிரச்சினை இல்லை. ஊட்டி 2240 மீட்டர். அப்போ ஊட்டிக்காரர்கள் என்ன செய்வது?

பதில் இருக்கிறது, சொல்கிறேன். அந்தப் பதில் உங்கள் பிசிபியில், அதாவது சர்க்யூட் போர்டில், ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதோடு நேராகப் போய்ச் சேர்கிறது. நீலகிரியில் போர்டு டிசைன் செய்கிறவர்கள், சர்வீஸ் பார்க்கிறவர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள் எல்லாரும் கடைசி வரை இருங்கள்.

முதலில் அடிப்படை அளவுகள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்3, அதாவது 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஐஎஸ்ஓ 273 என்ற சர்வதேசத் தரம் தரும் துளை அளவு, இறுக்கமாக வேண்டுமானால் 3.2 மி.மீ., சாதாரணமாக 3.4, தாராளமாக 3.6. எம்2.5க்கு 2.7, 2.9, 3.1. எம்4க்கு 4.3, 4.5, 4.8. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் இருப்பது 2.7 மி.மீ. ஓட்டை. அதற்கு எம்2.5 வாங்குங்கள், எம்3யை வைத்துத் திருகாதீர்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

[திரையில்: பழைய போர்டு, பூதக்கண்ணாடி வழியாக ஸ்க்ரூ ஓட்டை]

இப்போது இந்த போர்டைப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற நீளத் தொட்டியின் (டிரஃப்) ஃபேனை ஓட்டும் கண்ட்ரோலர். சர்வீஸுக்கு வந்தது. கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன். ஓட்டையைச் சுற்றி வட்டமாகப் பச்சைப் பூச்சு தேய்ந்து, செம்பு பளபளவென்று தெரிகிறது. அந்த வட்டத்தின் ஓரம் இந்தப் பக்கம் போகிற டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) மேல் ஏறியிருக்கிறது. ஏறிய இடத்தில் கடுகளவு ஒரு கருப்புப் புள்ளி. அங்கேதான் ஸ்பார்க் அடித்திருக்கிறது.

ஓட்டை சரியான அளவுதான். ஓட்டைக்கும் டிராக்குக்கும் இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஓட்டையில் வந்து உட்காரும் வாஷரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பச்சைப் பூச்சு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சாலிடர் மாஸ்க் எனும் அந்தப் பூச்சின் கனம் 10 முதல் 30 மைக்ரான்தான். ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கினாலே வாஷர் அதைச் சுரண்டிவிடும். அடியில் பிளெய்ன் வாஷர் போடாமல் ஸ்பிரிங் வாஷரை மட்டும் போட்டால் இன்னும் மோசம், அதன் வெட்டிய முனை உளி மாதிரி இறங்கும்.

[திரையில்: படம் வரைந்து, ஒவ்வொரு அளவாகச் சேர்ப்பது]

வாருங்கள், கணக்குப் போடுவோம். இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எம்3 பிளெய்ன் வாஷரின் வெளி விட்டம் 7 மி.மீ. அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை 3.5. ஓட்டை 3.4, ஸ்க்ரூ 3. ஆகவே ஸ்க்ரூ ஒரு பக்கமாக 0.2 நகரும். வாஷரின் உள் ஓட்டை 3.2, அதனால் வாஷர் தனியாக இன்னொரு 0.1 நகரும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் வாஷரின் ஓரம் ஓட்டையின் நடுவிலிருந்து 3.8 மி.மீ. தூரத்தில் வந்து நிற்கும். பிசிபி தயாரிப்பில் வரும் சிறு விலகலுக்கும் சேர்த்து 4 என்று வையுங்கள். 8 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, போர்டின் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் அதற்குள் டிராக் வரக் கூடாது என்று கீப்அவுட் வையுங்கள்.

இது வாஷர் டிராக்கைத் தொடாமல் இருப்பதற்கு மட்டும்தான். அந்த டிராக்கில் 230 வோல்ட் ஓடுகிறது, ஸ்க்ரூ எர்த் செய்த இரும்புப் பெட்டியோடு சேர்கிறது என்றால் இடைவெளி இந்த வட்டத்தின் ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 4 மி.மீ. இடைவெளி தேவை என்று வைத்துக்கொள்வோம், ஏன் 4 என்று பிறகு சொல்கிறேன். ஓட்டையின் விளிம்பிலிருந்து 4 அளந்தவருக்கு டிராக் நடுவிலிருந்து 5.7இல் வரும். வாஷர் ஓரம் 3.8இல் இருக்கிறது. மிச்சம் 1.9! திரையில் 4 என்று காட்டிய இடைவெளி பெட்டிக்குள் பாதிகூட இல்லை. போர்டு வரையும் சாஃப்ட்வேரான கிகேடில் டிஆர்சி எனும் விதிச் சோதனையை ஓட்டினால் பிழையே காட்டாது. வாஷர் ஒன்று வரப்போகிறது என்று நீங்கள் வரைந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

பிரபலமான போர்டுகளும் இதற்கு விலக்கு இல்லை. உங்கள் கையில் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 இருந்தால் எடுத்துப் பாருங்கள். எஸ்சிஎல் பின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டையில் எம்3 ஸ்க்ரூவின் தலை ஹெடர் பிளாஸ்டிக்கில் முட்டும். உங்கள் போர்டிலும் முட்டுகிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: மேட்டுப்பாளையம் முதல் தொட்டபெட்டா வரை உயரக் கோடு]

சரி, இப்போது மலைக்கு வருவோம்.

காற்று ஓரளவு மின்சாரத்தைத் தடுக்கும். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் ஏற ஏற, காற்றில் இருக்கும் ஓரிரு எலக்ட்ரான்கள் வேகம் பிடித்து ஓடும். ஓடும் வழியில் மூலக்கூறுகளில் மோதும். போதிய வேகத்தோடு மோதினால் புதிய எலக்ட்ரான்களைத் தட்டிவிடும், அவையும் ஓடும், கடைசியில் ஸ்பார்க். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி சேரிங் கிராஸில் ஓடிப் பாருங்கள். நாலடி வைப்பதற்குள் யார் மேலாவது இடிப்பீர்கள், வேகமே எடுக்க முடியாது. அதே இடத்தில் ஜூலை மழையில் காலை ஆறு மணிக்கு ஓடினால் முழு வேகம் வரும். உயரமான இடத்தில் காற்று மெலிவதால் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது இந்த ஆறு மணி ரோடுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், 2000 மீட்டரில் 80. அதனால் அதே இடைவெளி குறைந்த வோல்டேஜிலேயே உடைந்துவிடும்.

ஐஈசி 60664-1 என்ற சர்வதேசத் தரம் 2000 மீட்டர் வரைக்கும் ஒரே கணக்கு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் காற்று இடைவெளியை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 3000 மீட்டருக்கு 1.14, 4000க்கு 1.29, 5000க்கு 1.48.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், நம் மலை ரயில் இந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறது! மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்புகிறது. குன்னூர், வெல்லிங்டன், அருவங்காடு வரைக்கும் 2000க்குக் கீழே. கேத்தி ஸ்டேஷன் வரும்போது 2000க்கு மேலே போயிருப்பீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போதே உங்கள் பையில் இருக்கும் சார்ஜர் ஒரு சர்வதேச எல்லையைக் கடந்துவிடுகிறது.

சரி, ஊட்டியில் அந்த அடாப்டர் வெடித்துவிடுமா? வெடிக்காது. 2000க்கும் 3000க்கும் நடுவே கணக்குப் போட்டால் ஊட்டிக்குப் பெருக்கல் எண் சுமார் 1.03. 2637 மீட்டரில் இருக்கும் தொட்டபெட்டா உச்சிக்கே 1.09தான். 3 மி.மீ. விட வேண்டிய இடத்தில் ஊட்டியில் 3.1, உச்சியில் 3.3. போர்டில் இந்த இடத்தைக் கொடுக்கச் செலவே கிடையாது, கொடுத்துவிடுங்கள். வேறு ஊருக்கும் விற்கப்போகிறீர்கள் என்றால் 3000 மீட்டர் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஜன்னலுக்கு வெளியே மூடுபனி]

நம்மை உண்மையிலேயே அடிப்பது உயரம் இல்லை, இதோ இந்தப் பனிதான்.

காற்று வழியாக இருக்கும் நேர் தூரம் கிளியரன்ஸ். போர்டின் மேற்பரப்பை ஒட்டியே அளக்கும் தூரம் கிரீப்பேஜ். உயரத்துக்கான பெருக்கல் முதலாவதற்கு மட்டும். இரண்டாவதைத் தீர்மானிப்பது அழுக்கும் ஈரமும். சாதாரண வீடு, அலுவலகம் என்றால் மாசு நிலை 2. அதில் 230 வோல்ட்டுக்கு, நாம் வாங்கும் சாதாரண எஃப்ஆர்4 போர்டில், அடிப்படைக் காப்புக்கு 2.5 மி.மீ. போதும். தூசி படிந்து, அதில் ஈரம் இறங்கி, மின்சாரம் கடத்தும் நிலைக்கு வரும் இடம் என்றால் மாசு நிலை 3. அங்கே 4 மி.மீ. ஏன் என்று பிறகு சொல்கிறேன் என்ற அந்த 4 மி.மீ. இடைவெளி இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். டிரையர் பக்கம் பொடித் தூசி பறந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. இரவில் மெஷினை நிறுத்தியதும் பெட்டி குளிர்கிறது, மூடுபனி உள்ளே வருகிறது, தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் ஸ்விட்சைப் போடும்போது வாஷரைச் சுற்றி ஈரமான ஒரு படலம் இருக்கும். இதைவிடப் பொருத்தமான மாசு நிலை 3 எனக்குத் தெரியாது. சமவெளி அலுவலகத்துக்குப் போட்ட டிசைனை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பெட்டி பிளாஸ்டிக், ஸ்க்ரூவின் தலை வெளியே கையில் படும், எர்த்தும் இல்லை என்றால் வலுவூட்டிய காப்பு வேண்டும். அதற்கு இரட்டிப்பு, 8 மி.மீ. அந்த இடத்தில் நைலான் ஸ்க்ரூ போட்டுவிடுங்கள், தலைவலி தீர்ந்தது.

இடம் இல்லை, ஸ்லாட் வெட்டலாமா? தாராளமாக வெட்டலாம், மேற்பரப்புத் தூரம் சுற்றி வளைந்து கூடும். ஆனால் மாசு நிலை 3இல் ஸ்லாட்டின் அகலம் 1.5 மி.மீக்குக் குறைந்தால் அது கணக்கிலேயே வராது, தூசி அதன் மேல் பாலம் போட்டுவிடும் என்று தரமே எடுத்துக்கொள்கிறது. நிலை 2க்கு 1 மி.மீ. இன்னொன்று, வாஷரையும் டிராக்கையும் பிரிக்கும் ஸ்லாட் ஸ்க்ரூவுக்கு மிக அருகில் வந்தால் போர்டு அங்கே வலுவிழக்கும்.

மிச்ச விஷயங்கள் ஒவ்வொரு வரியில். ஓட்டையின் நடுவை போர்டு ஓரத்திலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே வையுங்கள், வாஷர் முழுதாக உட்காரும். எர்த் எடுக்கும் ஓட்டை என்றால் பிளேட் செய்து (உள்ளே செம்பு பூசி) சுற்றிலும் லேயர்களை இணைக்கும் சின்ன வயாக்கள் வையுங்கள், மற்றவற்றை பிளேட் செய்யாமல் விடுங்கள். செராமிக் கெபாசிட்டரை ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முறுக்கும்போது போர்டு வளையும், கெபாசிட்டர் உள்ளுக்குள் விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். தேயிலையை நசுக்கிச் சுருட்டும், ரோலர் அதிரும் சிடிசி மெஷினுக்குப் பக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

[திரையில்: போர்டின் அடிப்பக்கம், ஸ்கேலோடு]

கடைசியாக, போர்டைத் திருப்புங்கள். மேலே இவ்வளவு கவனமாக அளந்துவிட்டு அடியில் கோட்டை விடுகிறார்கள். சாலிடர் செய்து வெட்டிய கால் ஒவ்வொன்றும் கீழே 1.5, 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். போர்டைத் தாங்கும் தூணான ஸ்டாண்ட்ஆஃப் 5 மி.மீ. என்றால் இரும்புப் பெட்டிக்கும் அந்தக் காலுக்கும் மிச்சம் 3தான். 230 வோல்ட் பகுதிக்கு அடியில் 8 அல்லது 10 மி.மீ. ஸ்டாண்ட்ஆஃப் போடுங்கள், நடுவில் ஒரு இன்சுலேஷன் ஷீட்டும் வையுங்கள். ஸ்டாண்ட்ஆஃபின் அறுகோண மூலைகளும் உலோகம்தான், மேலே போட்ட அதே 8 மி.மீ. வட்டம் கீழ்ப்பக்கமும் இருக்கிறதா என்று தயாரிப்புக்கு அனுப்பும் கெர்பர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.