முதலில் கேள்வி, அப்புறம் படிப்பு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே இணையவழியில் எம்.ஏ. படிக்கலாமா என்று கேட்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய. அதிலும் லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பல்துறை முதுகலை, அதாவது வரலாறு, இலக்கியம், சமூகவியல், அறிவியல் என்று சேர்த்துப் படிப்பது, நமக்கு எதற்கு என்பார்கள். நமக்குத்தான் அது ரொம்பப் பொருந்தும் என்பேன்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பதில் சொல்வாள். பற்களில் பழுப்புக் கறை. காரணம் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு. அது பாறையிலிருந்து கரைந்து வருவது என்று நிலவியல் படித்தவர் சொல்வார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, அளவு ஏற ஏற எலும்பையும் கெடுக்கும் என்று மருத்துவர் சொல்வார். ஆனால் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வாழும் நிலை எப்படி வந்தது? குடத்தோடு தூரம் நடப்பது ஏன் எப்போதும் பெண்களாகவே இருக்கிறார்கள்? ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த, நமக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் ஏன் அத்தனை எதிர்ப்பு? அந்தப் பெண்ணின் சிரிப்பு எந்த ஒரு பாடப்புத்தகத்திலும் முழுசாக அடங்காது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையும் அப்படித்தான். அங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணித்தது கார்பன் பகுப்பாய்வு. அந்த இரும்பை யார் உருக்கினார்கள், எதற்கு என்று கேட்கத் தொடங்கினால் தொல்லியலும் உலோகவியலும் சங்கப் பாட்டும் ஒன்றாக வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இரண்டாண்டு முதுகலை என்பது பொதுவாக 80 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்றால் மொத்தம் 2,400 மணி நேரம், வாரத்துக்கு ஏறக்குறைய 23. வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு இது லேசான காரியம் இல்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையை நான்கு ஆண்டு வரை நிதானமாக முடிக்கலாம். காந்தி - அமைதி ஆய்வு, பாலின - வளர்ச்சி ஆய்வு போன்ற பல்துறைப் படிப்புகள் அங்கே உண்டு.

அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாக்கிவிட்டது. அனுமதி பெற்ற என்பதுதான் முக்கியம். பணம் கட்டும் முன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்லை நம்ப வேண்டாம்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக நினைப்பவர்கள் இதற்கு வர வேண்டாம். அங்கே இளங்கலையிலும் முதுகலையிலும் உரிய பாடத்தையே கேட்பார்கள். தமிழோ வரலாறோ நேராகப் படிப்பதுதான் நல்லது.

மற்றவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதிவையுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குக் காய் போடும் விவசாயியால் ஏன் விலை சொல்ல முடியவில்லை என்பது போல, உங்களை உறுத்துகிற ஒன்று. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போதும் அந்தத் தாள் கையில் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.