கொடியும் என்னுடையது, ஓட்டும் என்னுடையது

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், ஏழு மணிக்கே பாயைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஒன்பது மணி வரை எங்களுக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கும் வணக்கம்.

தன் கட்சி தடம் மாறினால் வாக்காளர் என்ன செய்ய வேண்டும்? உள்ளே இருந்து தட்டிக் கேட்பதா, ஓட்டை மாற்றிப் போடுவதா? இதுதான் தலைப்பு. மாற்றிப் போடுவதே என்று பேச வந்திருக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் இதே தலைப்பில் எதிரணியில் பேசியவனும் நான்தான். எதிரணித் தம்பி போட்டுக் கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பேச்சாளர் அணி மாறலாம், தலைவர் கூட்டணி மாறலாம், வெயிலில் வரிசையில் நிற்கிற வாக்காளர் மட்டும் மாறக் கூடாதா ஐயா?

தம்பி நன்றாகப் பேசினார். கடைசியில் ஒரு குத்து விட்டார் பாருங்கள். "அம்மா வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போச்சுன்னா, அடுத்த வீட்டு அம்மாவைப் போய் அம்மான்னு கூப்பிடுவீங்களா?" என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். (வீட்டில் இருக்கிற அம்மாவைத்தான் சொல்கிறேன். யாரும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தம்பி, எங்கள் அம்மா குழம்பில் உப்புக் கூடினால் நான் வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். முகத்தைச் சுளித்தால் போதும், ராத்திரிக் குழம்பில் குறைந்துவிடும். அடுத்த தேர்தல் வரை பொறுத்துக்கொள் என்று எந்த அம்மாவாவது சொல்வாளா? பெற்ற பிள்ளையிடம் சந்தா வாங்கிக்கொண்டு உறுப்பினர் அட்டை கொடுத்த அம்மா இந்த ஊரில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருத்தரும் இல்லை. சரி, மகன் எதிர்த்துப் பேசிவிட்டான் என்று வையுங்கள். "கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், குடும்பத்தினர் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டுவாளா? ரெண்டு அடி அடிப்பாள், அப்புறம் சோறு போடுவாள். கட்சியில் அடி மட்டும்தான் தம்பி.

உள்ளே இருந்து கேட்கலாம் என்கிறார். எங்கே கேட்பது? பொதுக்குழுவிலா? கூட்டணி பற்றி முடிவெடுக்கும் முழு அதிகாரத்தையும் தலைவருக்கு வழங்கி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது என்று செய்தி வரும். நிறைவேறிய கையோடு பந்தி. அந்த ஏகமனதில் பின்வரிசைக்காரன் மனது எங்கே இருந்தது என்று யார் கேட்டார்கள்?

என் பெரியப்பா கேட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அவர் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், உங்கள் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நுழைவாயிலில் அரிசி ஆலைச் சுவர் ஒன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் முதலில் சுண்ணாம்பு அடித்து அதைப் பிடித்துவிடுவார். ஒரு தேர்தலில் தன் கையாலேயே ஆள் உயரத்துக்கு எழுதினார்: "துரோகக் கூட்டத்தை விரட்டி அடிப்போம்!"

அடுத்த தேர்தல் வந்தது. துரோகக் கூட்டம் எங்கே? மேடையில் எங்கள் தலைவர் பக்கத்து நாற்காலியில். அதே சால்வை, அதே சிரிப்பு. எங்கள் தொகுதியையே அவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பெரியப்பா ஒன்றியத்தைப் பார்த்துக் கேட்டார். "மேலிட முடிவு" என்றார் ஒன்றியம். மாவட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, சுவரை மாத்தி எழுதிட்டீங்களா?" என்றார் மாவட்டம்.

எழுதினார். பழையதன் மேல் சுண்ணாம்பு, ஒரே ஒரு பூச்சு. இரண்டாவது பூச்சுக்குக் கட்சி காசு தரவில்லை. மேலே நீல எழுத்தில் "வெற்றிக் கூட்டணிக்கு வாக்களிப்பீர்!" அன்று ராத்திரி கோடை மழை. கூரைத் தண்ணீர் சரியாக முதல் வார்த்தை மேலேயே கொட்டியிருக்கிறது. "வெற்றி" கரைந்து ஓடிவிட்டது. அடியில் இருந்த பழைய எழுத்து எழுந்து வந்துவிட்டது. விடிந்ததும் ஊரே நின்று படிக்கிறது: "துரோகக் கூட்டணிக்கு வாக்களிப்பீர்!"

நடுவர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பின்வரிசைக்குக் கேட்காமல் போயிருந்தால் என்ன செய்வது, இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். "துரோகக் கூட்டணிக்கு வாக்களிப்பீர்!" கீழே ஒழுங்காக, "இவண், கிளைக் கழகம்."

பெரியப்பா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடித்தார். காய்ந்ததும் மறுபடியும் லேசாகத் தெரிகிறது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, அழிக்காதீங்க. பெயிண்ட் செலவை நாங்க தந்துடுறோம்" என்றார். அந்த நேரம் பார்த்து வேட்பாளர் வேன் வந்துவிட்டது. வேட்பாளர் யார்? அந்தத் துரோகக் கூட்டத்தின் ஆள். இறங்கினார். நிழல் எங்கே இருக்கிறது? சுவர் ஓரம். கைகூப்பி நின்றார், போட்டோ எடுத்தார்கள். படத்தில் அவர் தலை "வாக்களிப்பீர்" என்பதை மறைத்துவிட்டது. தலைக்குப் பக்கத்தில் அழகாகத் தெரிந்தது "துரோகக் கூட்டணி" மட்டும்தான்!

சரி, சிரித்தது போதும். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கொஞ்சம் வரலாறும் சொல்லவில்லை என்றால் மதிப்பெண் குறைத்துவிடுவார்.

1996. டெல்லியில் பிரதமர் நரசிம்ம ராவ். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்றது காங்கிரஸ் மேலிடம். இங்கே இருந்த காங்கிரஸ்காரர்கள் உள்ளே இருந்து தட்டித்தான் கேட்டார்கள் தம்பி. காதில் விழவில்லை. அவர்களின் மூத்த தலைவர் மூப்பனார் வெளியே வந்து த.மா.கா., அதாவது தமிழ் மாநில காங்கிரஸ் தொடங்கினார். புதுக் கட்சி, சைக்கிள் சின்னம், தேர்தலோ தலைக்கு மேலே. காலமெல்லாம் கைக்கே குத்திய விரல்கள் தி.மு.க. கூட்டணியில் நின்ற சைக்கிளைத் தேடிப் போய்க் குத்தின. சட்டமன்றத்தில் 39 இடம், மக்களவைக்கு 20 இடம். தமிழ்நாட்டில் காங்கிரஸுக்கு இரண்டிலும் பூஜ்யம்.

"2001-இல் அதே மூப்பனார் அதே அ.தி.மு.க.வோடு சேர்ந்தாரே" என்று தம்பி குறிப்பெடுக்கிறார். சேர்ந்தார். 2002-இல் கட்சியே காங்கிரஸில் கலந்தது. நான் அதைத்தான் சொல்கிறேன்! ஐந்தே வருஷத்தில் கட்சி திரும்பி வந்துவிடும். அப்படியிருக்க நான் மட்டும் ஆணி அடித்த மாதிரி ஏன் நிற்க வேண்டும்? 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சபையில் கட்சி சார்பாகச் சொல்கிறவர் கொறடா; அவர் உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.எல்.ஏ. பதவி போகும். எனக்குப் பதவியும் இல்லை, கொறடாவும் இல்லை. பூத்துக்குள் அட்டை மறைப்புக்குப் பின்னால் நானும் அந்தப் பொத்தானும்தான்.

சுவர் கரைந்த அந்தத் தேர்தலுக்குப் பெரியப்பா என்ன செய்தார் என்று இன்னும் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்குப் போடுகிறவர் அவர்தான். நம்ம ஓட்டுக்கு டிக், அவன் ஓட்டுக்குப் பெருக்கல், சந்தேகத்துக்குக் கேள்விக்குறி. முதல் நாள் ராத்திரி சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு நேரே இருந்த டிக்கை அடித்தார், பெருக்கல் போட்டார். பக்கத்தில் பெரியம்மா பெயர். அதற்கும் பேனா போயிற்று. "என் ஓட்டுக்கு நீங்க யாரு குறி போடுறது?" என்றாள் பெரியம்மா. அதைக் கேள்விக்குறியாக விட்டார்.

கிளை ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கணக்குல என்னைச் சேர்த்துடாதீங்கடா. நாளைக்கு ஓட்டு குறைஞ்சா பெட்டியைச் சந்தேகப்படுவீங்க." மறுநாள் போட்டுவிட்டு வந்தார். ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கரை வேட்டி மட்டும் மாறவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவர் போய்விட்டார். கிளையில் இருந்து பையன்கள் மாலையோடு வந்தார்கள். கட்சிக்காரர் செத்தால் கொடி போர்த்த வேண்டும் அல்லவா? வாசலிலேயே தயங்கி நின்றார்கள். "அவரு கடைசியில நமக்குப் போடலையே…" என்று ஒருவன் முணுமுணுத்தது உள்ளே வரைக்கும் கேட்டது. பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த கொடியை எடுத்து வந்தாள். "இதைக் கட்டித் தூக்கினவரு அவரு, அலசிக் காயப்போட்டது நான். இதைப் போர்த்த எவன்கிட்டடா அனுமதி கேக்கணும்?" என்று அவளே போர்த்தினாள். பையன்கள் அப்புறம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை, காலில் விழுந்தார்கள்.

தம்பி, உங்கள் பேச்சில் ஓட்டு மாற்றிப் போடுகிறவனைத் துரோகி என்றீர்கள். அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்கார்ந்துவிடுகிறேன். பெரியம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, இந்தத் தேர்தலிலும் பூத்துக்கு வந்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன், "போடா" என்றாள். வணக்கம்.