'மிஸ் பண்றேன்'னு பிரெஞ்சுல எப்படி சொல்றது?

வணக்கம் நேயர்களே. பிரெஞ்சு சொல்லிக்குடுக்குறவங்கற முறையில என்னை பேச கூப்பிட்டிருக்காங்க, அதனால மாணவர்கள் அதிகமா தடுமாறுற ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்ல எடுத்துக்கிட்டேன். மிஸ். பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன், உன்னை மிஸ் பண்றேன், சட்டையில ஒரு பட்டன் மிஸ்ஸிங், எல்லாத்துக்கும் இந்த ஒரே வார்த்தைதான் ஓடுது, ஆனா பிரெஞ்சுக்கு போனா இது பல வார்த்தையா பிரிஞ்சிடும்.

பஸ், ரயில தவறவிட்டா பேச்சுவழக்குல ராத்தே. இதோட கதை சுவாரசியமானது, அந்தக் காலத்துல துப்பாக்கி விசைய அழுத்தியும் குண்டு வெடிக்கலைன்னா துப்பாக்கி எலிய பிடிச்சிருச்சுன்னு பிரெஞ்சுக்காரங்க சொல்வாங்களாம், எலிக்கு பிரெஞ்சுல ரா, அதுலேர்ந்து வந்ததுதான் ராத்தே. வாய்ப்ப கோட்டை விட்டவன இங்கிலீஷ்ல படகை மிஸ் பண்ணிட்டான்னு சொல்றாங்க இல்லையா, பிரான்ஸ்ல அதுக்கு ராத்தே லெ கோஷ், கோஷ்ங்கறது ரயில் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் ஆள் ஏத்திட்டு போன குதிரை வண்டி. சொன்ன விஷயமே பிடிபடலைன்னா பாஸே ஆ கோத்தே, அதாவது பக்கத்துல வந்துட்டு தாண்டிப் போயிட்டான். ஒரு வார்த்தை விடாம கேட்டான்னா, ஒரு துணுக்கு ரொட்டி கூட சிந்தலைங்கற மாதிரி சொல்வாங்க.

சரி, இப்போ முக்கியமான இடம். உன்னை மிஸ் பண்றேன். இதை இங்கிலீஷ் வரிசையிலயே வச்சு ழெ தெ மாங்க்-னு எழுதுற பிள்ளைங்கள வருஷா வருஷம் பாக்குறேன், இலக்கணப்படி அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா படிக்கிற பிரெஞ்சுக்காரருக்கு 'நான் இல்லாம நீ ஏங்குற'ன்னு நேர் தலைகீழா போய் சேரும். சரியானது த்யூ மெ மாங்க். மாங்கே-ன்னா இல்லாம இருக்கிறது, குறையுறது. யாரு இல்லையோ அவங்கதான் எழுவாய், ஏங்குறவங்களுக்கு 'எனக்கு', அவ்ளோதான்.

இதுல நமக்கு ஏன் தடுமாற்றம்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், ஏன்னா இந்த வாக்கிய அமைப்பு தமிழ்ல நாம தினம் பேசுறது. பர்ஸ திறந்து பாத்துட்டு எனக்கு பத்து ரூபா குறையுதுன்னு சொல்றோம்ல, பிரெஞ்சுக்காரரும் இல் மெ மாங்க் தீஸ் யூரோ-ன்னுதான் சொல்வார், 'எனக்கு' இருக்கு, 'குறையுது' இருக்கு, பணம் மட்டும்தான் வேற. குழம்புல உப்பு குறையுதா, அங்கேயும் மாங்க்தான். எனக்கு பசிக்குது, எனக்கு பிடிக்கும்னு 'எனக்கு' போட்டே வளர்ந்த பிள்ளைங்க இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டு போய் பிரெஞ்ச படிக்கிறாங்க, பாடப்புத்தகமும் இங்கிலீஷ்லதான் விளக்குது, அதனால பக்கத்துல இருக்குற வழி கண்ணுக்கே தெரியாம போயிடுது. இத மாத்தணும்னு நான் உறுதியா நினைக்கிறேன், வகுப்புல ஆசிரியர் முதல்ல தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாக்க சொன்னாலே போதும்.

இன்னொன்னு சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. ஏற்கெனவே ஆயிரம் தொல்லை, அதுல கரண்ட்டும் போச்சு, நம்ம வீட்டுல என்ன சொல்வாங்க? இது ஒண்ணுதான் குறைச்சல்! பிரெஞ்சு வீட்டுல அதே கடுப்போட இல் ந மாங்கே ப்ளூ க சா-ன்னு சொல்வாங்க, வார்த்தைக்கு வார்த்தை அதேதான், இது ஒண்ணுதான் குறைஞ்சிருந்துச்சு.

ஆனா எல்லா இடத்துலயும் 'குறையுது' செல்லாது, அதையும் சொல்லிடணும். இல் அ மாங்கே த தோம்பே-ன்னா அவன் விழலை, விழப் பாத்தான், நூலிழையில தப்பிச்சான். பேப்பர்ல விபத்து செய்தி மொழிபெயர்க்குறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நிதானிக்கணும், ஆளு விழுந்தாரா விழலையாங்கறதே இங்க மாறிடும்.