கிரேஸ்லாண்ட்: யாரைக் கேட்டார், யார் பெயரைப் போட்டார்

எல்லோருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1986 ஆகஸ்டில் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லாண்ட்’.

வந்த வேகத்தில் அமெரிக்க விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய ஆண்டு வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம். 1987 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதும் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் சைமன் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பாடியபோது வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவுக்கே போய் அங்குள்ள கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்து, அந்நாட்டின் நிறவெறி ஆட்சிக்கு எதிரான ஐ.நா. பண்பாட்டுப் புறக்கணிப்பை உடைத்தவர் என்று பாடகர்களே அவரைக் கண்டித்தார்கள். இசை அருமை, அரசியல் கொஞ்சம் சரியில்லை என்று இதை எளிதாக முடித்துவிடலாம். அப்படி முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதில் இரண்டு தனித்தனி வழக்குகள் கலந்துகிடக்கின்றன: சைமன் யாரிடம் அனுமதி கேட்டார் என்பது ஒன்று, பாட்டுக்குக் கீழே யார் பெயரைப் போட்டார் என்பது இன்னொன்று.

இரண்டாவது வழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கவில்லை. சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் இணைந்து பாடிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1966-இல் அவர்கள் பதிவு செய்த ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பழைய ஆங்கில நாட்டுப்பாடல். ஆனால் சைமன் அதைக் கற்றது லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற பாடகரிடம். கிட்டாரில் அதை அமைத்த விதமும் கார்த்தியுடையது. தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. அந்தக் கசப்பு தீர்ந்து இருவரும் ஒரே மேடையில் அந்தப் பாட்டைப் பாட 2000-ஆம் ஆண்டு ஆனது. அடுத்து 1970-இல் ‘எல் கோண்டோர் பாசா’. ஆண்டிஸ் மலை மக்களின் பழைய மெட்டு என்று நம்பி சைமன் அதற்கு ஆங்கில வரிகள் எழுதினார். அதுவோ டேனியல் அலோமியா ரோப்லெஸ் என்ற பெரு நாட்டு இசையமைப்பாளர் 1913-இல் எழுதியது. அவருடைய மகன் வழக்குப் போட்ட பிறகுதான் பெயர் சேர்ந்தது. வேறொரு நாட்டின் இசை காதில் விழுந்ததும் அது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து என்று நினைத்துவிடும் பழக்கம் அப்போதே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஜோஹன்னஸ்பர்க்குக்குப் போக வேண்டும்.

1981 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருவரும் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். அதன் தொடர்ச்சியாக இருவர் பெயரிலும் ஒரு தட்டு வருவதாக இருந்தது. நடுவில் சைமன் மனம் மாறி, கார்ஃபங்கல் பாடியிருந்ததை ஒலிநாடாவிலிருந்து அழித்துவிட்டு, 1983-இல் தன் பெயரில் மட்டும் அதை வெளியிட்டார். அது விற்கவில்லை. அப்புறம் 1984-இல் அவர் கைக்கு ஒரு கேசட் வருகிறது. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின், போயோயோ பாய்ஸ் போன்ற குழுக்களின் அக்கார்டியன் துள்ளிசை. காரில் திரும்பத் திரும்பக் கேட்டார். இவர்கள் யார் என்று தேடப்போனபோது கிடைத்த ஆள் ஹில்டன் ரோசென்தால், ஜோஹன்னஸ்பர்க்கின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர்.

இந்த ரோசென்தாலிடம் சற்று நிற்க வேண்டும். ஜூலுகா குழுவின் தட்டுகளைத் தயாரித்தவர் அவர்தான். ஜூலுகாவின் உயிர் இரண்டு பேர். ஜோஹன்னஸ்பர்க்கில் தோட்ட வேலை பார்த்த ஜூலு இளைஞர் சிபோ ம்சுனு. பதின்ம வயதிலேயே கறுப்பினத் தொழிலாளர் விடுதிகளுக்குப் போய் கிட்டாரும் நடனமும் கற்று, அதற்காகக் கைதும் ஆன வெள்ளை இளைஞர் ஜானி கிளெக். இருவரும் ஒரே மேடையில் நிற்பதையே சட்டம் தடுத்த நாடு அது. தேவாலயங்களிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் விடுதிகளிலும் பாடினார்கள். ஊரை விட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் வாழ்க்கையைப் பாடிய அவர்களின் முதல் தட்டு ‘யுனிவர்சல் மென்’ 1979-இல் வந்தது. இரண்டு மொழிகளைக் கலந்து பாடும் அந்தக் குழுவை அரசு வானொலி ஒதுக்கியே வைத்திருந்தது. ஆப்பிரிக்க இசையை ஒரு வெளியாள் தொடுவது என்றால் இப்படியும் தொடலாம் என்பதற்கு கிளெக் சான்று. அவர் அங்கேயே வளர்ந்து, அதே மொழியைப் பேசி, அதே தண்டனையை ஏற்றார். சைமன் அப்படி வந்தவர் இல்லை. அவர் 1985 பிப்ரவரியில் ஒலிப்பதிவாளர் ராய் ஹாலியுடன் விமானத்தில் வந்து, இரண்டு வாரம் போல இருந்துவிட்டுத் திரும்பினார்.

அந்த இரண்டு வாரத்தில் ஓவேஷன் ஸ்டுடியோவில் நடந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுதிய பாட்டு எதையும் அவர் கொண்டுபோகவில்லை. வந்த கலைஞர்களை வாசிக்கச் சொல்லி நாடாவில் பிடித்தார். பக்கத்து நாடான லெசோத்தோவைச் சேர்ந்த ஃபொரேரே மொட்லொஹெலோவாவின் அக்கார்டியன்தான் முதல் பாட்டான ‘பாய் இன் த பபிள்’ தொடங்கும்போது நாம் கேட்பது. சுரங்க வேலைக்குப் போன அந்நாட்டு பசோத்தோ மக்கள் வளர்த்த இசை அது. கிட்டாரில் ரே பிரி, டிரம்ஸில் ஐசக் ம்ட்ஷாலி, பாஸில் சொவேட்டோவின் பகிதி குமாலோ. குமாலோ தந்தி தடைகள் இல்லாத பாஸ் கிட்டார் வாசிப்பவர். ‘யூ கேன் கால் மி ஆல்’ பாட்டில் திடீரென்று பாய்ந்து இறங்கும் அந்த பாஸ் துணுக்கை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதன் முதல் பாதிதான் அவர் வாசித்தது. அதே நாடாவைத் தலைகீழாக ஓட்டி மறுபாதியாக ஒட்டினார்கள். வரிகளும் மெட்டும் பின்னால் நியூயார்க்கில் இந்த நாடாக்களைக் கேட்டுக் கேட்டு எழுதியவை. அதாவது வீட்டுக்கு அஸ்திவாரம் அவர்கள் போட்டது, மேல்தளம் சைமன் கட்டியது.

சம்பளம்? நியூயார்க் இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலியைப் போல மூன்று மடங்கு. அங்கே யாரும் பார்த்திராத பணம். ஆனாலும் மாலையானால் அந்த அறையில் பதற்றம் வந்துவிடும். இருட்டிய பிறகு வெள்ளையர் நகரத்தில் கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச்சீட்டு வேண்டும். சொவேட்டோவுக்கு எப்படித் திரும்புவது என்ற கவலை வாசிப்பின் நடுவிலேயே எழும். மூன்று மடங்கு கூலியால் அந்தச் சீட்டுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரி, அனுமதி வழக்குக்கு வருவோம். ஐ.நா. பொதுச்சபை 1980-லேயே பண்பாட்டுப் புறக்கணிப்பைக் கோரியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி சொகுசு நகரத்தில் பாட வந்த அழைப்பை சைமன் மறுத்தவர்தான். இது கச்சேரி இல்லை, ஒலிப்பதிவுதானே என்பது அவர் வாதம். ஜோஹன்னஸ்பர்க்கின் கறுப்பினக் கலைஞர்கள் சங்கம் தன் வருகைக்கு ஒப்புதல் தந்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் புறப்படும் முன் அமெரிக்கப் பாடகரும் உரிமைப் போராளியுமான ஹாரி பெலஃபொன்டே அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்: நிறவெறியை எதிர்த்துப் போராடும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் பேசிவிட்டுப் போ. சைமன் பேசவில்லை. கலைஞன் அரசியல் கட்சியிடம் அனுமதி கேட்பதா என்ற வீம்பு. இதில் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். தடை செய்யப்பட்டு, தலைவர்கள் சிறையிலும் நாடுகடந்தும் கிடந்த ஒரு இயக்கத்தை, எந்த நாட்டிலும் இருக்கும் ஏதோ ஒரு கட்சிபோல அவர் எண்ணிவிட்டார். தட்டு வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1986 ஜூனில், தென்னாப்பிரிக்கா முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பாட்டு வரிகளில் அதன் சுவடே இல்லையே என்று கேட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. போதாததற்கு, 1983-இல் சன் சிட்டியில் பாடிய அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டை ஒரு பாட்டில் சேர்த்துக்கொண்டார். அது வெந்த புண்ணில் வேல்.

ஆனால் எதிர்த்தவர்களின் வாதத்திலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நாடுகடந்து கால் நூற்றாண்டு வாழ்ந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்களான ஹ்யூ மசெகெலாவும் மிரியம் மக்கேபாவும் சைமனுடன் மேடையேறினார்கள். 1987 பிப்ரவரியில் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் நடந்த கச்சேரியில் மண்டேலாவின் விடுதலை கேட்டு மசெகெலா பாடினார். தட்டில் இல்லாத அரசியல் மேடையில் முழுக்க இருந்தது. லண்டனில் இருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இயக்கத்தார் ரே பிரியை அழைத்து ஊருக்குத் திரும்பச் சொன்னபோது, நிறவெறியால் ஏற்கனவே அடிபட்டவனை நீங்களும் ஒருமுறை அடிப்பதா என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டார். யாரைக் காக்க ஏற்பட்டதோ அவர்கள் வாயையும் அந்தப் புறக்கணிப்பு சேர்த்தே அடைத்தது. கிளெக்கையே பாருங்கள். சொந்த நாட்டில் பாடினார் என்பதற்காக பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அவரைத் தள்ளிவைத்தது. 1988-இல் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு லண்டனில் நடந்த கச்சேரியில் அவருக்கு இடமில்லை. மண்டேலாவுக்காகவே ‘அசிம்போனங்கா’ எழுதிய மனிதர். இத்தனைக்கும் நாட்டுக்குள் மக்களோடு நிற்கும் கலையைப் புறக்கணிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் தம்போ 1987-லேயே லண்டனில் பேசிவிட்டார்.

மீதம் இருப்பது பெயர். இங்கே சைமன் பழைய பாடத்தைக் கற்றிருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘பாய் இன் த பபிள்’ பாட்டில் மொட்லொஹெலோவா, ‘ஹோம்லெஸ்’ பாட்டில் ஜூலு பாடகர் குழுவான லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவின் ஜோசப் ஷபலாலா, இன்னும் சிலர் இணைப் படைப்பாளிகளாகத் தட்டிலேயே அச்சாகியிருக்கிறார்கள். வாத்தியங்களே இல்லாத ‘ஹோம்லெஸ்’தான் இந்தத் தட்டின் உச்சம் என்பேன். ஷபலாலாவும் சைமனும் சேர்ந்து எழுதி லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. அதில் யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று கேட்கத் தோன்றாது. அடுத்த ஆண்டு மம்பாசோவின் ‘ஷாகா ஜூலு’ தட்டை சைமனே தயாரித்தார். அதற்கும் கிராமி கிடைத்தது.

உறுத்துவது கடைசிப் பாட்டு. அது ஆப்பிரிக்கப் பாட்டே இல்லை. லாஸ் ஏஞ்சலீஸின் மெக்ஸிக வம்சாவளிக் குழுவான லாஸ் லோபோஸுடன் பதிவானது. அங்கே தாங்கள் வாசித்துக்கொண்டிருந்த சொந்த மெட்டையே சைமன் எடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் புகார். தட்டு வெற்றி பெற்ற பிறகே அந்தப் பேச்சு எழுந்தது என்பது சைமனின் பதில். வரியும் இசையும் பால் சைமன் என்று மட்டுமே அதில் போட்டிருக்கிறது. ‘எல் கோண்டோர் பாசா’ நடந்து பதினாறு ஆண்டு கழித்து, ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தவர்களோடு இப்படி ஒரு பிணக்கு வந்திருக்கவே கூடாது. இந்தத் தட்டைப் பற்றிய அத்தனை விவாதத்திலும் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். அதனால்தான் இன்று இதைக் கொண்டுவந்தேன்.

பேச்சு முடிந்ததும் ‘கிரேஸ்லாண்ட்’ கேட்கத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் 1985-இல் லண்டனில் தொகுக்கப்பட்ட ‘இன்டெஸ்ட்ரக்டிபிள் பீட் ஆஃப் சொவேட்டோ’வைக் கேளுங்கள். சைமனின் குரல் இல்லாமலேயே அந்த ஊர் எப்படி ஒலித்தது என்பது அதில் இருக்கிறது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவும் அதில் பாடுகிறார்கள். அதற்கப்புறம் ‘யுனிவர்சல் மென்’.