சால்டரிங் ஸ்டேஷன் வாங்கப் போகிறீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். ரிப்பேர் கடைகளில் வேலைக்குத் துணையாக வானொலி ஓடிக்கொண்டிருப்பது வழக்கம்தான். இப்போது கையில் சால்டரிங் அயர்னோடு கேட்பவர்கள் அதை ஸ்டாண்டில் வைத்துவிட்டே கேட்கலாம், பேச்சே அதைப் பற்றித்தான். மொபைல் சர்வீஸ் படித்துவிட்டுக் கடை போடப் போகிறவர்கள், வீட்டில் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்ப்பவர்கள், 25 வாட் அயர்னிலேயே காலம் தள்ளி இனி சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷனுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள், எல்லோரும் கடையில் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது, "எத்தனை டிகிரி போகும்?" இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வேண்டாம். அநேகமாக எந்த ஸ்டேஷனும் 450 டிகிரி போகும். அவ்வளவு சூடு உங்களுக்குத் தேவைப்படவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். நாம் பழகிய 63/37 ஈயம், அதாவது நூற்றுக்கு 63 பங்கு தகரம், 37 பங்கு காரீயம், 183 டிகிரியில் உருகிவிடும். காரீயம் இல்லாத ஈயம் உருக 217 டிகிரி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை போட்டது. அங்கே விற்க வேண்டுமே என்று உலகம் முழுக்கத் தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டார்கள். அதனால் பழைய டிவி போர்டில் வெண்ணெயாக இழுத்த ஈயம், லேப்டாப் போர்டில் அசைய மாட்டேன் என்கிறது. ஆனாலும் வித்தியாசம் வெறும் 34 டிகிரிதான். அதற்கு ஏன் அயர்னின் முனையில் இருக்கும் பிட்டை 450-க்கு ஏற்றுகிறார்கள்?

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடும் காயும், கனமான இரும்புக் கல்லும் காயும். தண்ணீர் தெளித்தால் இரண்டும் ஒரே மாதிரி சீறும். மாவு ஊற்றினால்தான் எது சூட்டை விடாமல் பிடிக்கிறது என்று தெரியும். அயர்னும் அப்படித்தான். சும்மா ஸ்டாண்டில் இருக்கும்போது எல்லா ஸ்டேஷனும் 350 என்று காட்டும். லேப்டாப் சார்ஜிங் ஜாக்கின் கிரவுண்டு காலில் வைத்துப் பாருங்கள். அந்தக் கால் போர்டுக்குள் இருக்கும் செம்புத் தகடுகளோடு சேர்ந்திருக்கிறது. தகடு முழுதும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிட்டின் நுனி 200-க்கு இறங்கிவிடும், டிஸ்ப்ளே மட்டும் 350 என்றே சாதிக்கும். காரணம், நீங்கள் பார்க்கும் எண் சென்சார் இருக்கும் இடத்தின் சூடு, நுனியின் சூடு இல்லை.

சென்சார் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஸ்டேஷன்கள் இரண்டு ஜாதியாகப் பிரிகின்றன. ஒன்று, ஹாக்கோ நிறுவனத்தின் 936 மாடல் வழி வந்தவை. மலிவு விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதன் நகல்கள். உள்ளே ஒரு பீங்கான் ஹீட்டர், அதன் மேல் பிட்டை உறை மாதிரி மாட்டி நட்டு முறுக்குகிறோம். சென்சார் ஹீட்டருக்குள் இருக்கிறது. ஹீட்டருக்கும் பிட்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி. நகல் பிட்டாக இருந்தால் அந்த இடைவெளி இன்னும் பெரிது. மற்றது கார்ட்ரிட்ஜ் வகை. ஹாக்கோவின் டி12, ஜேபிசி நிறுவனத்தின் சி245, சி210 எல்லாம் இந்த வகை. ஹீட்டர், சென்சார், பிட் மூன்றும் ஒரே துண்டு. சென்சார் நுனிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சூடு இறங்கியதும் ஸ்டேஷனுக்குத் தெரிந்து கரண்டைக் கூட்டிவிடும். முதல் வகையில் 400 வைத்தும் திணறும் வேலையை இது 340-இல் முடிக்கும். இன்று புதிதாக வாங்குகிறவர் கார்ட்ரிட்ஜ் வகைதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. கைக்கு அடங்கும் விலையில் டி12 ஸ்டேஷன்கள் வந்த பிறகு 936 நகலுக்குப் பணம் போடுவதில் நியாயம் இல்லை.

டி12 வாங்குகிறவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பெட்டியில் "72 வாட்" என்று போட்டிருக்கும். டி12 கார்ட்ரிட்ஜின் மின்தடை சுமார் 8 ஓம். 24 வோல்ட் கொடுத்தால் 24 தடவை 24, வகுத்தல் 8, 72 வாட், சரிதான். ஆனால் பல ஸ்டேஷன்கள் அடாப்டர் இல்லாமல் விற்கின்றன. வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் கிடைப்பது 45 வாட். 12 வோல்ட் பேட்டரியில் போட்டால் 18 வாட். அதே பெட்டி, அதே பிட், நாலில் ஒரு பங்கு பலம். ஆகவே சப்ளையோடு சேர்ந்த ஸ்டேஷன் வாங்குங்கள், இல்லாவிட்டால் 24 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டருக்கும் சேர்த்து விலை போடுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பழைய மதர்போர்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 350-இல் வைத்து, கிரவுண்டோடு சேர்ந்த பெரிய கால் ஒன்றில் பிட்டை வைத்துக் கொஞ்சம் புது ஈயம் ஊட்டுங்கள். மூன்று நான்கு விநாடியில் ஈயம் பளபளவென்று பரவி ஓட வேண்டும். களி மாதிரி குழைந்து நின்றால் வேண்டாம். டிஸ்ப்ளேயைப் பார்க்காதீர்கள், ஈயத்தைப் பாருங்கள்.

டிஸ்ப்ளே இல்லாமலே சூட்டைக் கட்டுப்படுத்திய அயர்ன் ஒன்று உண்டு. வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட். பிட்டின் பின்னால் ஓர் உலோக வில்லை. குறிப்பிட்ட சூட்டில் அதற்குக் காந்த ஈர்ப்பு போய்விடும், உடனே உள்ளே இருக்கும் காந்தம் விலகி சுவிட்சை அணைத்துவிடும். ஆறினால் திரும்ப இழுக்கும், கரண்ட் வரும். பிட்டில் 7 என்று பொறித்திருந்தால் 700 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 370 டிகிரி. சூட்டை மாற்ற வேண்டுமா, பிட்டை மாற்றிக்கொள். அவ்வளவுதான் அதன் தத்துவம். எண்ணே காட்டாத அந்த அயர்னை வைத்துக்கொண்டு தொழிற்சாலைகளில் வேலை நடந்தது.

பிட்டுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஸ்டேஷனைக் குறை சொல்லும் பாதிப் பேரிடம் குறை பிட்டில்தான் இருக்கும். ஸ்டேஷனோடு வரும் ஊசி முனைப் பிட்டைக் கழற்றி வையுங்கள். சின்ன வேலைக்குச் சின்ன முனை என்று தோன்றும். ஆனால் ஊசி முனை போர்டைத் தொடும் பரப்பு மிகக் குறைவு, சூடு இறங்க வழி இல்லை. 2.4 மில்லிமீட்டர் உளி முனை ஒன்று, கத்தி மாதிரி இருக்கும் கே வகை ஒன்று, 2 மில்லிமீட்டர் சாய்வெட்டு ஒன்று. இந்த மூன்றில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஐசி கால்களில் வரிசையாக இழுத்து ஈயம் வைக்கக்கூட அந்தச் சாய்வெட்டு போதும், ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும்.

அடுத்து, உப்புத்தாள். தயவுசெய்து பிட்டை உப்புத்தாளில் தேய்க்காதீர்கள், அரம் போடாதீர்கள், தரையில் உரசாதீர்கள். பிட்டின் உடம்பு செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. உருகிய ஈயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும். இரும்பைத் தின்ன நெடுநாள் ஆகும். அதற்காகத்தான் அந்தப் பூச்சு. தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், பிறகு நுனியில் பள்ளம் விழும், அப்புறம் அது குப்பைக்குத்தான். அந்தக் காலத்து வெறும் செம்புப் பிட்டுக்கு அரம் சரி. அந்தப் பழக்கம்தான் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. கறுத்துப் போனால் பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள், ரோசின் ஃபிளக்ஸில் தொட்டு ஈயம் ஏற்றுங்கள். வேலை முடிந்து அணைக்கும்போது துடைக்காமல், நுனி நிறைய ஈயம் பூசி அப்படியே அணையுங்கள். ஈரப் பஞ்சு வைத்திருந்தால் பிழிந்து வையுங்கள், சொட்டச் சொட்ட வேண்டாம். தகர வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட் பெஞ்சுப் பக்கமே வரக்கூடாது. பிட்டையும் அரிக்கும், போர்டில் தங்கிச் செம்புத் தடத்தையும் அரிக்கும், ஆறு மாதம் கழித்து கஸ்டமர் திரும்பி வருவார்.

இப்போது எர்த். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் பெரிய எர்த் பின்னிலும் மறு முனையை பிட்டின் நுனியிலும் வையுங்கள். ஓரிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் அந்த ஸ்டேஷனில் மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கிறது. எர்த் இல்லாத அயர்னில் கசியும் மின்னழுத்தம் கைக்கு லேசான சுர்ரென்ற உணர்வு, மாஸ்ஃபெட் போன்ற நுண்ணிய பாகத்துக்கு மரணம். ஸ்டேஷன் சரியாக இருந்தும் சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் பயனில்லை. பல வாடகைக் கடைகளில் சாக்கெட்டின் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் இதோடு சேர்ந்தது: எர்த் உள்ள அயர்னைச் சப்ளையில் இருக்கும் போர்டில் வைக்கவே கூடாது, ஷார்ட் ஆகும். பிளக்கை எடுத்த பிறகும் எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை போர்டின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அதை டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் அயர்ன்.

சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் ஹாட் ஏருக்கு வருகிறேன். இதிலும் இரண்டு வகை. 850 வகையில் காற்றுப் பம்ப் பெட்டிக்குள் இருக்கும். வாங்கி வந்ததும் பெட்டியைத் திருப்பி அடியில் பாருங்கள். வழியில் பம்ப் ஆடாமல் இருக்க ஸ்குரூ போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஆன் செய்தால் பம்ப் பாழ். 858 வகையில் விசிறி கைப்பிடிக்குள்ளேயே இருக்கும், காற்று அதிகம், குழாய் மெலிது, விலையும் குறைவு. தொடங்குகிறவருக்கு இது போதும். நாள் முழுக்க மொபைல் போர்டு வேலை என்றால் 1000 வாட் வகைக்குப் போகலாம். குயிக் 861 அதில் பேர் பெற்றது.

858-இன் மலிவு நகல்களில் உள்ளே ஒயரிங் நம்பும்படி இருப்பதில்லை. எர்த் கம்பி கைப்பிடியின் உலோகக் குழாய் வரை போயிருக்கிறதா, சுவிட்ச் லைனில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று விற்பவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை. கைப்பிடியை ஸ்டாண்டில் வைத்ததும் அங்குள்ள காந்தத்தால் ஹீட்டர் அணைந்து, காற்று மட்டும் ஓடி, சூடு 100 டிகிரி பக்கம் இறங்கிய பிறகு நிற்க வேண்டும். அதையும் கடையிலேயே பாருங்கள். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவது ஹீட்டருக்கு எமன்.

இங்கேயும் அதே பாட்டுதான்: டிஸ்ப்ளே எண்ணை நம்பாதீர்கள். சென்சார் குழாய்க்குள் இருக்கிறது, போர்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சூடு அளக்கும் வயரோடு வரும் மல்டிமீட்டர் இருந்தால், அந்த வயர் நுனியைக் கழிவு போர்டில் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டி, உங்கள் மெஷினில் எந்த எண்ணுக்கு போர்டில் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு தடவை அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வேலையின்போது 8 மில்லிமீட்டர் நாசில், 350 டிகிரி, நடுத்தரக் காற்று என்று தொடங்கலாம். முதலில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அரை நிமிடம், ஒரு நிமிடம் வட்டமாகச் சுற்றி அந்தப் பகுதி முழுவதையும் சூடேற்றுங்கள். பிறகே நெருங்குங்கள். எடுத்த எடுப்பில் நெருங்கினால் சின்ன செராமிக் கெபாசிட்டர்கள் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஷார்ட்டாக வந்து நிற்கும். ஐசிக்குள் ஈரம் இருந்தால் ஆவியாகி உடலே உப்பிவிடும். காற்று அதிகமானால் பக்கத்துச் சில்லறைப் பாகங்கள் பறந்துவிடும், பிறகு எது எங்கே இருந்தது என்று ஸ்கெமாட்டிக் படம் தேட வேண்டும். பாகத்தை ட்வீசரால் இழுக்காதீர்கள், லேசாகத் தட்டுங்கள். ஈயம் முழுக்க உருகியிருந்தால் பாகம் நகர்ந்து தானாகவே தன் இடத்துக்குத் திரும்பி வரும். அது தெரிந்த பிறகு தூக்குங்கள். அவசரப்பட்டு இழுத்தால் பாகத்தோடு அது ஒட்டியிருக்கும் செம்புப் பேடும் வந்துவிடும். மொபைலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது இது எல்லாவற்றுக்கும் முன்.

அயர்னும் ஹாட் ஏரும் ஒரே பெட்டியில் வருவதை வாங்கலாமா என்று கேட்பார்கள். மேஜையில் இடம் மிச்சம், உண்மை. ஆனால் ஒன்று கெட்டால் இரண்டும் சர்வீசுக்குப் போகும், கடை மூட வேண்டியதுதான். தனித்தனியாக, அயர்னை முதலிலும் ஹாட் ஏரைப் பிறகும் வாங்குங்கள். ஹாட் ஏரை வீட்டு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். 700 வாட் மெஷினை 700 விஏ இன்வெர்ட்டர் தாங்காது. கரண்ட் போய்விட்டால் கைப்பிடியை உலோக ஸ்டாண்டில் வையுங்கள், மேஜையில் வைத்தால் மேஜை கருகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஈயம், புகை பற்றி நிதானமாகப் பேச நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 0.6 மில்லிமீட்டர் 63/37 லெட், அதாவது ஈயக் கம்பி, வாங்குங்கள். காரீயமில்லாத போர்டில் பாகம் கழற்றும்போது அந்த லெட்டைக் கொஞ்சம் கலந்தால் எளிதில் இளகும். எழும் புகை காரீயம் இல்லை, ஃபிளக்ஸ். ஆனாலும் நாள் முழுக்க மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரலாம். முகத்துக்கு நேரே இல்லாமல் புகையைப் பக்கவாட்டில் இழுக்கும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். காரீயம் கையில் ஒட்டும், டிபனுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், லெட்டை வாயில் கவ்வாதீர்கள். உதிரிக்கு ஒரு விஷயம்: 936 வகைக்கு மாற்று ஹீட்டர் வாங்கும்போது சென்சார் கால்களை மீட்டரில் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 43 முதல் 58 ஓம் காட்டினால் அது அசல் அமைப்பைச் சேர்ந்தது. ஓரிரண்டு ஓம் காட்டினால் தெர்மோகப்பிள் சென்சார் வகை, உங்கள் ஸ்டேஷனின் போர்டுக்குச் சேராது. எந்த ஸ்டேஷன் ஆனாலும் ஹீட்டரும் பிட்டும் உங்கள் ஊரில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். நன்றி, வணக்கம்.